காலிப் பீடத்தில் தூசிப் பெட்டி

குழந்தைகள் மையத்து முற்றத்தில் தூசி அளக்கும் பெட்டியை எங்கே நடுவது என்று முடிவெடுக்கவே தாரினுக்கு ஒரு காலைப்பொழுது முழுதாகப் போய்விட்டது. சமையலறைப் பக்கம் ஆகாது. மிளகாய் வறுக்கிற புகை நேரே வந்து மோதும். சுவரை ஒட்டியும் ஆகாது. காற்று அங்கே சுற்றிச் சுற்றித் தேங்கும். வாசற்பக்கம் என்றால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்று கதை பேசுவார்கள். புளியமரத்தடியில் நட்டால் பறவை எச்சம். நாலு பக்கமும் காற்று தடையில்லாமல் வர வேண்டும், பிள்ளைகள் மூச்சு விடுகிற உயரத்துக்கு ரொம்பவும் மேலே போய்விடக் கூடாது. கையேட்டில் அப்படித்தான் இருந்தது. தாரின் அதை மூன்று தடவை படித்திருந்தாள். மூன்றாவது தடவையும் எதையோ விட்டுவிட்டோமோ என்றுதான் தோன்றியது.

கடைசியில் அவள் கண்ணில் பட்டது முற்றத்தின் வடகிழக்கு மூலையில் நின்ற சிமெண்டுப் பீடம். இடுப்பு உயரம், நடுவில் குழாய் இறக்க வாகாக ஒரு துளை. முன்பு அந்த மனைக்குக் காவல் இருக்கும் தெய்வத்தின் குட்டி வீடு அதன்மேல்தான் இருந்தது. குழந்தைகள் மையத்தைப் பெரிதாக்கிக் கட்டியபோது, முறை தெரிந்தவரை அழைத்து, தெய்வத்திடம் சொல்லிக் கேட்டு, வீட்டோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வளாகத்தில் வைத்துவிட்டார்கள். பீடத்தைப் பெயர்த்தெடுக்க மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

"டீச்சர், அந்தப் பீடத்துல நட்டுக்கலாமா? தப்பு ஒண்ணும் ஆயிராதே?" என்று தாரின் கேட்டாள்.

மையத்தை நடத்துகிற புன்சி டீச்சர் பிள்ளைகளின் பாய்களை உதறிக்கொண்டிருந்தாள். "சாமிதான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சே. நீ வாடகைக்கு விட்டாக்கூட அது வந்து கேக்காது. நட்டுக்க."

"இல்ல, யாராவது ஏதாவது சொல்வாங்களோன்னு…"

"தாரின், உனக்கு அனுமதி குடுத்தாலும் பயம், குடுக்கலன்னாலும் பயம். நட்டுத் தொலை."

நட்டாள். குழாயை இறக்கி, சிமெண்டு குழைத்துப் பூசி, காயும்வரை அசையாமல் இருக்க நாலு பக்கமும் மூங்கில் குச்சி முட்டுக் கொடுத்தாள். பெட்டிக்கு மழையும் வெயிலும் படக் கூடாது, ஆனால் காற்றுப் போக வேண்டும். அதற்காகப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, அந்த அடுக்குக்குள் பெட்டியைத் தொங்கவிட்டாள். எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தாள். உச்சி வெயில் நேரே அடித்தால் உள்ளே சூடேறுமே என்று, மிச்சமிருந்த தகரத்தை இரண்டு சரிவாக மடக்கி மேலே ஒரு கூரையும் போட்டாள். கையேட்டில் கூரை கிடையாது. அது அவள் சொந்த யோசனை. கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதும் உடனே, தேவையில்லாததைச் செய்துவிட்டோமோ என்றும் இருந்தது.

இணைப்பு வேலை அதைவிடச் சின்னது, ஆனால் அவள் பயந்தது அதற்குத்தான். சென்சார் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் ஒரு குட்டி மின்விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளிக்குக் குறுக்கே போகிற தூசியை எண்ணும். அதிலிருந்து வருகிற நாலு கம்பிகளைச் சுற்றுப்பலகையில் சேர்க்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று பேச, ஒன்று கேட்க. இதன் பேசுகிற கம்பி அதன் கேட்கிற முனையில் போய்ச் சேர வேண்டும். வேலை முடிந்து மாலையில் அவள் போகிற தொழிற்கல்வி வகுப்பில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். இங்கே முதல் தடவை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் பேசின, ஒன்றும் கேட்கவில்லை. கைபேசித் திரை வெறுமையாகக் கிடந்தது. கம்பியை மாற்றிச் செருகினாள். மையத்தின் வைஃபை கடவுச்சொல்லைச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்திலிருந்து பார்த்து எழுதினாள்.

முப்பத்தெட்டு என்று வந்தது.

"முப்பத்தெட்டுன்னா நல்லதா?" என்றாள் புன்சி டீச்சர்.

"இந்த மாசத்துக்கு ரொம்ப நல்லது டீச்சர். பெட்டி சரியா எண்ணுதுன்னா."

"ஏன், நீதானே மாட்டினே?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் தாரின்.

அந்த எண்ணில்தான் எல்லாம் இருந்தது. மலைச்சரிவுகளில் சோளத் தட்டையையும் காட்டுச் சருகையும் கொளுத்துகிற காலம் தொடங்கிவிட்டால், மழை வரும்வரை பள்ளத்தாக்கு முழுக்கப் புகை கிடக்கும். ஊராட்சி அலுவலகம் அந்த வருடம் ஒரு விதி போட்டிருந்தது. தூசி அளக்கும் பெட்டியும் காற்று வடிகட்டி வைத்த அறையும் இருக்கிற மையங்கள் மட்டும் திறந்திருக்கலாம். மற்றவை மழைவரை மூடல். திறந்திருக்கிற மையத்திலும், காலை ஏழு மணிக்கு எண் எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தால் அன்றைக்கு விடுமுறை. தாரின் அந்த அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். இந்தப் பெட்டி இல்லையென்றால் இந்த மையம் இல்லை.

இது யாருக்கு எப்படியோ, லம்யாய்க்கு உயிர்ப் பிரச்சினை. லம்யாய் பூண்டுக் களத்தில் கட்டுக் கட்டுகிறவள். புருஷன் தெற்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தான். ஒரே மகள் குங்குக்கு நாலு வயது, நெஞ்சு பலவீனம். போன வருடப் புகையில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருந்தாள். மையம் திறந்திருந்தால் ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டி அடைத்த அந்த அறையில், வடிகட்டி இரைகிற சத்தத்தில் குங் பகலெல்லாம் நிம்மதியாகத் தூங்குவாள். மூடியிருந்தால் அம்மாவோடு களத்துக்குப் போய்ப் பூண்டு காயப்போட்ட கொட்டகையின் அடியில் உட்கார வேண்டும். வீட்டில் விட ஆள் கிடையாது. இருந்தாலும் பலகை வீடு. புகை எல்லா இடுக்கு வழியாகவும் வரும். சாயந்திரத்துக்குள் அந்தப் பிள்ளையின் மூச்சில் விசில் கேட்கத் தொடங்கிவிடும்.

பெட்டி நட்ட மறுநாளிலிருந்து லம்யாய்தான் வாசலில் முதல் ஆள். தாரினைப் பார்த்தால் வணக்கத்துக்கு முன்னால் கேள்வி.

"தங்கச்சி, எண் என்ன?"

"நாப்பத்திரண்டு அக்கா."

"நல்ல பிள்ளை" என்பாள். பெட்டியைச் சொல்கிறாளா தன்னைச் சொல்கிறாளா என்று தாரினுக்குத் தெரியாது.

முதல் வாரம் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது வாரம் ஒரு காலை, மேற்கு மலைமுகடு முழுக்க எரிந்தது. எண் நூற்று நாற்பதைத் தொட்டது. மையம் மூடல். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எதிர்ப்பக்க மலையே தெரியவில்லை. இரண்டு நாளில் காற்று திரும்பி, மலை மறுபடி தெரிந்தது. ஆனால் பெட்டியின் எண் மட்டும் காலையில் இறங்க மறுத்தது.

அதில்தான் விசித்திரம். விடியற்காலையில் நாற்பது இருக்கும். ஆறரை தாண்டினால் ஏறத் தொடங்கும். ஏழு மணிக்கு அலுவலகம் பார்க்கும்போது தொண்ணூறு, நூறு. விடுமுறை என்று எல்லோருக்கும் செய்தி போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் திரும்பிப் போன பிறகு, எட்டு மணிக்கு எண் ஒன்றும் தெரியாதது போல நாற்பதில் வந்து உட்கார்ந்திருக்கும். கீழே ரோட்டோரம் இருக்கிற சுகாதார நிலையத்துப் பெட்டி அதே ஏழு மணிக்கு நாற்பத்தைந்து காட்டும்.

அப்படியென்றால் தப்பு தன் பெட்டியில். தாரினுக்கு இதில் இரண்டாவது எண்ணமே வரவில்லை.

அவள் ஒழுங்காகத்தான் தேடினாள். பெட்டியைத் திறந்து மின்விசிறியை மெல்லிய தூரிகையால் துடைத்தாள். ஒரு குட்டிச் சிலந்தி இருந்தது. தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் காலை நூற்றிரண்டு. கம்பிகளை மாற்றினாள். மின்சாரம் தருகிற சாதனத்தை மாற்றினாள். பனியாக இருக்குமோ, நீர்த்துளியைத் தூசி என்று எண்ணுகிறதோ என்று ஈரப்பதம் பார்த்தாள். உதடு வெடிக்கிற வறட்சி. சமையற்காரம்மா எட்டு மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவாள். அக்கம்பக்கத்தில் குப்பை கொளுத்துகிறார்களா என்று டீச்சரிடம் கேட்டாள்.

"கொளுத்தினா நானே போய் அவங்க தலையில தண்ணி ஊத்திருவேன்" என்றாள் டீச்சர். அவளும் ஏழு மணிக்குத்தான் வந்து பூட்டைத் திறப்பாள். "ஏன் தாரின், அந்தக் கூரைதான் கெடுக்குதோ?"

அந்த ஒரு வார்த்தை தாரினின் இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் கோமென் அவளைக் கூப்பிட்டார். பொதுச் சுகாதாரப் பிரிவைப் பார்க்கிறவர். கத்துகிற ஆளில்லை. அது இன்னும் கஷ்டம்.

"தாரின், அந்தப் பெட்டி பழுது. நாளைக்குக் காலைல நானே வந்து கழட்டிக்கறேன். டவுனுக்கு அனுப்பிப் பாக்கச் சொல்லலாம்."

"எப்ப திரும்பி வரும் அண்ணே?"

"மழைக்கு முன்னாடி வந்துரும்."

"மழை வந்துட்டா பெட்டியே தேவையில்லையே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பெட்டி இல்லாம திறந்து வைக்க விதி இல்ல. தப்பா எண்ணுற பெட்டிய வச்சுக்கிட்டுத் திறக்கவும் முடியல." அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "நீ முதல் தடவையா மாட்டுறே. யாருக்கும் சரியா வராது. மனசுல வச்சுக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? குங்கின் மூச்சில் கேட்கிற விசில் இனி மழைவரை நிற்காது. அதற்குக் காரணம் எங்கோ ஒரு கம்பியில் தான் செய்த தப்பு. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பள்ளத்தாக்கின் அந்தக் கோடியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். கழற்றிக்கொண்டு போவதற்கு முன்னால் எண் ஏறுகிற நேரத்தில் பெட்டியின் பக்கத்திலேயே இருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். குளிருக்கு அடக்கமாகச் சமையலறைத் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. வானம் வெளுத்தது. நாற்பது. எங்கோ சேவல். நாற்பத்தொன்று.

ஆறரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேலிக்கு வெளியே வந்து நின்றது. லம்யாய். முன்னால் குங், முகத்தில் பாதியை மறைத்த முகமூடியோடு. அவர்கள் வாசல் வழியாக வரவில்லை. வேலி உடைந்த இடுக்கில் பழகினவர்கள் போல நுழைந்தார்கள். லம்யாய் பீடத்துக்கு எதிரே செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து இலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரத்தை எடுத்து வைத்தாள். சிவப்புச் சோடா ஒன்றைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டு வைத்தாள். ஒன்பது ஊதுபத்திகளைக் கொத்தாகப் பிடித்துக் கொளுத்தி, நெற்றிக்கு நேராக உயர்த்தி, பிறகு மணல் நிரப்பிய தகர டப்பாவில் செருகிப் பீடத்தின் விளிம்பில் வைத்தாள். தட்டடுக்குக்கு நேர் கீழே. புகை ஒரு கயிறு போல நிமிர்ந்து எழுந்து, தாரின் அளந்து அளந்து விட்ட இடைவெளிகளுக்குள் நுழைந்தது.

ஐம்பத்தாறு. தொண்ணூற்று மூன்று. நூற்று முப்பது.

தாரினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கம்பி சரி, மின்விசிறி சரி, கூரையும் சரி! பெட்டி கண்ணெதிரே நடப்பதை அப்படியே எண்ணிக்கொண்டிருக்கிறது! அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் கூசியது.

"எண்ணைக் கொஞ்சம் எறக்கி வைங்க சாமி" என்று லம்யாய் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். "எனக்கு லாட்டரி வேணாம், ஒண்ணும் வேணாம். எழுபதுக்குக் கீழ வச்சுட்டாப் போதும். பிள்ளை உள்ள படுத்துக்கும். எறக்கினீங்கன்னா கோழி வாங்கி வைக்கிறேன். குங், கும்பிடு."

குங் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு இருமினாள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தாரின் யோசித்தாள். குழாயைப் பிடுங்கி வேறு மூலையில் நட்டுவிட்டு, கம்பியில் பழுது இருந்தது என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள், ஏற்கெனவே அதைத்தானே நம்புகிறார்கள். ஆனால் வேறு மூலைக்குப் போனால் ஊதுபத்தியும் அங்கே வரும். அவள் எழுந்து நடந்தாள்.

"அக்கா…"

லம்யாய் துள்ளி விழுந்தாள். "ஐயோ! நீயா! சாமிதான் குரல் குடுக்குதோன்னு எனக்கு உயிரே போயிருச்சு. இந்நேரத்துல என்ன பண்றே?"

"அக்கா, இது சாமி வீடு இல்லக்கா."

"தெரியாதாக்கும்? நான் என்ன பைத்தியமா? உள்ள மெஷின் இருக்குன்னு தெரியும்." லம்யாய் செருப்பைத் தேடினாள். "மெஷினா இருந்தா என்ன? சாமி இருந்த பீடம். கிழக்க பாத்து நிக்குது. வெள்ளை அடிச்சிருக்கு. மேல கூரை வேற. யாரு போட்டது அந்தக் கூரைய?"

"நான்தான்."

"பாத்தியா. கூரை போட்டா யாரோ வந்து குடியிருப்பாங்கதானே? குடி வச்சவ நீ. ஒரு பூ வச்சிருப்பியா? நான்தான் வெறும் வயித்தோட விடக் கூடாதேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

தாரின் கூரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பீடத்தைப் பார்த்தபோது அவள் பார்த்தது துளையை மட்டும்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், வெள்ளை அடித்துக் கூரையும் போட்டு, அது என்னவாகத் தெரியும் என்று ஒரு தடவைகூடத் தள்ளி நின்று பார்க்கவில்லை.

"எத்தனை நாளாக்கா வைக்கிறே?"

"அந்த மலை எரிஞ்சுதே, அதுக்கு மறுநாள்லேர்ந்து தினமும். முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவேன். இல்லன்னா குழந்தைங்க டப்பாவ நோண்டும், டீச்சர் என்னை நோண்டுவா."

தாரின் கைபேசியை நீட்டினாள். நூற்று நாற்பத்தெட்டு.

லம்யாய் அதைப் பார்த்து, மலையைப் பார்த்தாள். மலை தெளிவாக இருந்தது. "இன்னைக்கும் ஏறிருச்சா? காத்து நல்லாத்தானே இருக்கு?"

"அந்த டப்பாவ எடுத்து ரோட்டுப் பக்கம் வைக்கிறியாக்கா? அணைக்க வேணாம். சும்மா தள்ளி வை. காத்து அந்தப் பக்கம்தான் போகுது."

லம்யாய் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துப் போய் வேலிக்கு வெளியே வைத்தாள். வந்து நின்றாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். நூற்றுப் பதினைந்து. எண்பத்திரண்டு. அறுபது. எண் இறங்க இறங்க லம்யாய் திரையை நெருங்கிக் குனிந்தாள். நாற்பத்து நான்கு.

"அப்ப செவ்வாய்க்கிழமை மூடினது?" என்றாள்.

"ஆமாக்கா."

"நேத்து?"

"நேத்தும்தான்."

லம்யாய் குங்கைப் பார்த்தாள். குங் சோடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லம்யாய் அழப்போகிறாள் என்று தாரின் நினைத்தாள். லம்யாய்க்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டி, இத நீ முன்னாடியே வந்து பாத்திருக்கக் கூடாதா? தினம் ஏழு மணிக்கு வந்து அதோட வயித்தக் கிழிச்சுக் கம்பியக் கம்பிய நோண்டிக்கிட்டு நின்னியே! வெளிய ஒரு தடவை எட்டிப் பாத்தா என்ன?"

"தப்பு என்னோடதுன்னே நினைச்சுட்டேன்க்கா."

"பெரிய ஆளு! எல்லாத் தப்பும் உனக்குத்தான் வேணுமாக்கும். எனக்குக் கொஞ்சம் விட்டு வைக்க மாட்டே." சொல்லிவிட்டு லம்யாய் திடீரென்று பீடத்தின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். மகளைப் பக்கத்தில் இழுத்து முகமூடியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த முகமூடி அது. மறுபடியும் சரிசெய்தாள்.

"இப்ப நாப்பத்து நாலுதானே? திறப்பாங்கதானே?"

அங்கேதான் இன்னொரு சிக்கல். அலுவலகம் பார்ப்பது அந்த நொடியின் எண்ணை அல்ல. ஆறிலிருந்து ஏழுவரை வந்த எல்லாவற்றின் சராசரியை. ஊதுபத்தி எரிந்த நேரமும் அதில் சேரும். தாரின் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள், பிடிக்காமல் இன்னொரு தடவை கூட்டினாள்.

"எழுபத்தஞ்சுகிட்ட வரும்க்கா. தாண்டலாம், தாண்டாமலும் இருக்கலாம்."

"தொப்பியால விசிறட்டுமா?"

"வேணாம்க்கா! தரைத் தூசி கிளம்பிரும்."

ஆகவே இருவரும் அசையாமல் நின்றார்கள். குங் மட்டும் சாமிக்கு வைத்த சோடாவை இரண்டு உறிஞ்சு உறிஞ்சினாள். யாரும் தடுக்கவில்லை.

புன்சி டீச்சரும் கோமெனும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கோமென் கையில் திருப்புளி. அவர் பெட்டியைப் பார்க்கும் முன்பே தன் கைபேசியைப் பார்த்தார்.

"எழுபத்தொன்பது. இன்னைக்கும் போச்சு." திருப்புளியோடு பீடத்துக்கு வந்தார். "கழட்டிரலாமா தாரின்?"

"வேணாம் அண்ணே. அது காத்தோட எண் இல்ல. ஊதுபத்தியோட எண்." தாரின் நடந்ததைச் சொன்னாள். லம்யாயின் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் தயங்கினாள். லம்யாய் தானே கையைத் தூக்கினாள்.

"நான்தாங்க வச்சேன்."

கோமென் பலகாரத்தையும் சோடாவையும் கூரையையும் பார்த்தார். புன்சி டீச்சர் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கோமெனுக்கும் சிரிப்பு வந்ததை அவர் அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"சரி. ஆனா எண் எண்தானே? விதிப்படி எழுபத்தஞ்சுக்கு மேல போனா மூடணும். நான் என்ன காரணம் எழுதறது, ஊதுபத்தின்னா?"

"அப்படீங்களா?" என்றாள் லம்யாய். "ஊதுபத்திக்கு மூடுவீங்கன்னா, திங்கக்கிழமை உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு கட்டு கொளுத்தி வைக்கிறேன். அதையும் மூடிட்டு நீங்க எல்லாரும் பூண்டு கட்ட வாங்க. ஆள் பத்தல."

டீச்சருக்கு இப்போது அடக்க முடியவில்லை.

கோமென் பெட்டியின் பக்கம் திரும்பினார். "நிஜமாவே இது சரியா எண்ணுதா தாரின்? உனக்கு நிச்சயமா?"

நினைக்கிறேன் என்றுதான் தாரினுக்கு வாயில் வந்தது. எப்போதும் வருவது அதுதான். எதிரே குங், முகமூடிக்கு மேலே இரண்டு கண். பத்துப் பதினைந்து அடியில் அடைத்த ஜன்னலோடு அந்த அறை.

"சரியா எண்ணுது. நீங்களே பாருங்க" என்றாள்.

அவரே பார்த்தார். வேலிக்கு வெளியே போய், டப்பாவின் முன்னால் ஒரு தடவை கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு பத்தியை உருவி எடுத்து வந்து தட்டடுக்குக்குக் கீழே பிடித்தார். திரையில் எண் ஏறியது. தள்ளிப் பிடித்தார், இறங்கியது. கிட்டக் கொண்டுவந்தார், ஏறியது. நாலு தடவை செய்தார். கடைசி இரண்டு தடவை சோதனைக்காக அல்ல, விளையாட்டுக்காக என்று தாரினுக்குத் தோன்றியது. பிறகு சுகாதார நிலையத்து எண்ணைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் பேசினார். "ஆமாங்க, ஊதுபத்தி. இல்லைங்க, விளையாடலைங்க" என்பது மட்டும் கேட்டது.

திரும்பி வந்து திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு மட்டும் சுகாதார நிலையத்து எண்ணை வச்சுத் திறக்கச் சொல்லிட்டாங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும். ஆனா இந்த மூலையில இனிமே புகை வரக் கூடாது."

எல்லோரும் லம்யாயைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? பூவும் சோடாவும் வைக்கலாம்தானே?"

தாரின் யோசித்தாள். "பூ வைக்கலாம்க்கா. மகரந்தம் உதிராத பூவா இருந்தா நல்லது."

"ஊதுபத்தி வேணாம், பூவுலயும் பொறுக்கி எடுத்த பூ வேணும். இவ்வளவு வக்கணை பாக்குற சாமிய நான் பாத்ததே இல்ல" என்றாள் லம்யாய். குங்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, டீச்சர் கதவைத் திறப்பதற்குள் படியேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு எண் ஒழுங்காக இருந்தது. ஒழுங்கு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அடுத்த புதன்கிழமை காற்று மறுபடி திரும்பியது. தாரின் வந்தபோது லம்யாய் பீடத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றாள். பீடத்து விளிம்பில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் நாலு மல்லிகை மொட்டு, மலராதவை. டப்பா இல்லை, நெருப்பு இல்லை.

"எண் என்ன தங்கச்சி?"

"நூத்தி இருபத்தாறு அக்கா."

லம்யாய் தட்டைப் பார்த்தாள், பீடத்தைச் சுற்றித் தரையைப் பார்த்தாள், வேலிக்கு அப்பால் பார்த்தாள். யாரும் எதையும் கொளுத்தவில்லை.

"இது நெசமான எண்ணா?"

"நெசம்க்கா."

வழக்கம்போல ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று தாரின் காத்திருந்தாள். லம்யாய் கைபேசியை எடுத்துக் களத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு இரண்டு மடங்கு கட்டுகிறேன் என்றாள். அந்தப் பக்கம் கத்துவது தாரினுக்கே கேட்டது. "கத்துங்க. நூத்தி இருபத்தாறுல பிள்ளைய அங்க உக்கார வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"எங்கக்கா போகப் போறே?"

"சுகாதார நிலையத்துலயும் இடுக்கெல்லாம் அடைச்ச அறை ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே. பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காரலாமாம்ல?"

"உக்காரலாம். வடிகட்டி ஓடுது. நான் காலையில கேட்டுட்டேன்."

"அங்கயும் பெட்டி இருக்கா?"

"இருக்குக்கா. அது நான் மாட்டினதில்ல."

"அப்ப உள்ள போயி அதோட எண்ணையும் பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் உக்காருவேன்" என்றாள் லம்யாய். வண்டியைத் திருப்பி, குங்கை முன்னால் ஏற்றி, தாரின் உட்காரப் பின்னால் இடம் விட்டு முன்னே நகர்ந்து உட்கார்ந்தாள்.